கண்கொத்திப் பாம்பின் கண்

ஒருவரது விழிப்பைச் சொல்லவேண்டின், "கண்கொத்திப் பாம்பு போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்பது நம்மவர் வழக்கு. பரீட்சை மண்டபத்திலே மாணவரைக் காவல் செய்யும் ஆசிரியரும், நிரையின் பின்னே நின்று கொழுந்து பறிக்கும் கைகளைக் கணக்கிடும் கங்காணியும், தராசு முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காத கிழவியும் இவ்வுவமைக்கு உரியவர்கள். ஆயின், உவமைக்குரிய அப்பாம்பைக் கண்ணெதிரே கண்டவர் எவரும் அதன் பார்வையை வியந்து நிற்பதில்லை. முதலிலே தம் கண்களைக் கையால் மறைத்துக்கொள்வர். அடுத்த கணம் தடியைத் தேடுவர்.

சில ஆண்டுகளுக்கு முன், பதுளையிலிருந்து பசறைக்கு ஏறிச் செல்லும் பாதையை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிலே நான் கற்பித்து வந்தேன். ஆவணி மாதம். கச்சான் காற்று நமுனுகுல மலையைத் தழுவி இறங்கி, தேயிலை மலைகளை உலர்த்திக்கொண்டிருந்த காலம். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பது அந்த வறண்ட காற்றுத்தான். நண்பகல் இடைவேளை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய மாணவர்களுள் ஒருவன், நீண்ட குச்சியின் நுனியிலே ஒரு பச்சைப் பாம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வெற்றிவீரனைப் போல் வந்து சேர்ந்தான்.

"கண்ணக் கொத்த வந்துச்சி சேர். அம்மா நிரையில நிக்கிறப்ப மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்துச்சாம். கங்காணித் தாத்தாதான் ஒரே அடியில அடிச்சாரு."

குச்சியிலே தொங்கியது சுண்டுவிரற் பருமன். நீளமோ என் கையைக் காட்டிலும் அதிகம். முதுகு இளங்கொழுந்தின் பச்சை. வயிற்றின் இரு ஓரங்களிலும் தலையிலிருந்து வால்வரை கோடு கிழித்தாற்போல மெல்லிய மஞ்சள் இழை. அடிபட்டு உடல் விரிந்த இடத்திலே செதில்களுக்கு நடுவே கறுப்பும் வெண்மையுமாக ஒரு கோலம் வெளிப்பட்டிருந்தது. தலை நசுங்கியிருந்தபோதிலும் ஒரு கண் பழுதின்றி இருந்தது. அந்தக் கண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமென்று எண்ணி மேசைமீது கடதாசி விரித்தேன். முதல் வரிசைப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் முகத்தை மூடிக்கொண்டார்கள். செத்த பாம்பும் கொத்தும் என்று பாட்டி சொல்லியிருந்தாளாம்!

அன்று அரைகுறையாகச் சொல்லி முடித்த பாடத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன்.

பாம்புகளின் கண்மணியை உற்று நோக்கியவர் சிலரே. பகலிலே திரிவனவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அது வட்டமாயிருக்கும். விரியன் போன்று இரவிலே உலாவுவனவற்றுக்குப் பூனையின் கண்போல நெட்டுக்குத்தான பிளவாயிருக்கும். கண்கொத்திக்கோ கண்மணி கிடையாகப் படுத்திருக்கின்றது. அதுவும் வெறும் கீற்றன்று. பழைய பூட்டின் சாவித்துவாரத்தைப் பக்கவாட்டிலே திருப்பி வைத்தாற்போல, ஒருபுறம் அகன்று மூக்கை நோக்கிய மறுபுறம் ஒடுங்கி நீண்டு செல்லும் வடிவம். இனி அதன் முகத்தைப் பாருங்கள். கூர்மையாக நீண்ட மூக்கு. கண்ணின் முன்னிருந்து மூக்கு நுனி நோக்கி இருபுறமும் வாய்க்கால் வெட்டினாற்போல ஒவ்வொரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் வழியாக, கண்மணியின் ஒடுங்கிய முனையினூடே, இரு கண்களும் ஒரே நேரத்திலே முன்னாலுள்ள ஒரே பொருளை நோக்குகின்றன. துப்பாக்கி பிடித்தவன் குழல்மீதுள்ள குறிமுனை வழியாகக் குறிபார்ப்பது எவ்வாறோ அவ்வாறே இது.

தலையின் இருபக்கத்திலும் கண்ணமைந்த பிராணிகளுக்குத் தூரத்தை மதிப்பிடுவது எளிதன்று. ஒரு பொருளை இருவிழியும் ஒருங்கே காணும்போதுதான் அது எவ்வளவு தொலைவில் உள்ளதென்பது செவ்வையாகப் புலப்படும். நமக்கு அது வாய்த்திருக்கின்றது. ஊசியிலே நூல் கோக்கின்றோம். பாம்புகளுள் இத்திறம் சிறப்பாக வாய்க்கப்பெற்றது இக்கொடிபோன்ற பாம்பு. இதன் விழித்திரையிலே கூரிய பார்வைக்கென்றே அமைந்த ஒரு குழியும் உண்டு. பாம்புகளிடையே இஃது அருமையிலும் அருமை. மற்றைப் பாம்புகள் நாவினால் மணத்தையும் வயிற்றினால் நில அதிர்வையும் அறிந்து உலகத்தைத் தடவித் தடவித் தெரிந்துகொள்ள, இது நம்மைப்போலப் பார்த்தே வாழ்கின்றது. அசையாதிருக்கும் ஓணானையும் இனங்கண்டு பிடிக்க வல்லது.

இதன் வேட்டையைக் கண்டவர் மறவார். உடலின் பின்பாதியைக் கிளையிலே சுற்றி, முன்பாதியை எந்தப் பிடிப்புமின்றி வெளியிலே நீட்டி நிற்கும். காற்று வீசினால் பக்கத்துக் கொடிகளோடு தானும் அசையும். காற்று நின்றால் தானும் நிற்கும். அந்நேரத்திலே நாவையும் வெளியே நீட்டி ஆட்டாமல் வைத்திருக்கும். ஏனென்பதைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர்; கொடியின் நுனித்தளிர் போலத் தோன்றுவதற்கென்பது என் எண்ணம். ஓணானோ தவளையோ சிறு குருவியோ எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். இரையைக் கழுத்தருகே கவ்விக் கிளையிலிருந்தபடியே தூக்கிப்பிடித்து, கடைவாய்ப் பக்கத்திலுள்ள பள்ளமிட்ட பற்களால் மென்று மென்று நஞ்சை ஏற்றும். சில நிமிடங்களில் இரை துவண்டுவிடும்.

அந்த நஞ்சு மனிதனை என்ன செய்யும்? நச்சுப்பல் வாயின் பின்புறத்திலிருப்பதால், கடித்தவுடன் நம்முடலில் நஞ்சேறுவதே அருமை. ஏறினாலும் கடிவாயிலே வலி, வீக்கம், சற்று மரத்துப்போதல். இரண்டு மூன்று நாட்களிலே ஆறிவிடும். கண்ணைக் கொத்திப் பிடுங்கும் அலகோ நகமோ அதற்கில்லை.

பின்னர் ஏன் இந்தப் பெயர்? கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிலையிலிருந்து நோக்கினால் விடை கிடைக்கும். கவ்வாத்து வெட்டி மட்டப்படுத்திய தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். படங்கு கட்டி, கூடை சுமந்து, இரு கைகளும் செடிமீது ஓட, அவள் குனிந்து முன்னேறுகின்றாள். செடியின் மேலேயோ நிழல்மரத்தின் தாழ்ந்த கிளையிலோ நீண்டிருக்கும் இப்பாம்பு, சரியாக அவள் முகத்துக்கு நேரே இருக்கும். அவளைக் கண்டதும் அது ஓடுவதில்லை. தன்னைக் கொடியென்று அவள் நம்புவாள் என்று அசையாது நிற்கும். மிக நெருங்கிவிட்டாலோ உடலை விரித்து அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலத்தைக் காட்டி, வாயை அகலத் திறந்து, முகத்தை நோக்கி மிரட்டும். முகத்திலே இமைத்து மின்னி அசைவது கண்தானே! அந்தக் கூரிய மூக்கு தன் விழியைக் குறிபார்த்ததென்று அவள் சொன்னால் அதைப் பொய்யென்று எப்படிச் சொல்வது? பாம்பு குறிபார்த்தது உண்மை. குறிபார்த்ததற்கும் கொத்துவதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அச்சம் விழுங்கிவிட்டது.

இவ்வச்சம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சிங்களத்திலே இப்பாம்புக்கு 'அஹைட்டுல்லா' என்று பெயர். கண்ணைப் பிடுங்குவது என்பதே அதன் பொருளாம். கடலுக்கு இருபுறமும் இரு மொழியினர் ஒரே பாம்பின் முகத்தைக் கண்டு ஒரே பொருள்பட அஞ்சியிருக்கின்றனர். இச்சிங்களப் பெயர் ஐரோப்பாவுக்கும் சென்றது. 1758இலே உயிர்களுக்கெல்லாம் இலத்தீன் பெயர் சூட்டிய லின்னேயஸ் தமது நூலிலே ஒரு பச்சைப் பாம்புக்கு அதனை வைத்தார். பின்னாளில் அறிஞர் சரிபார்த்து ஒழுங்குசெய்தபோது, லின்னேயஸின் அந்தப் பெயர் தென்னமெரிக்கக் காடுகளிலே வாழும் வேறொரு பச்சைப் பாம்பிற்கு உரியதாகிவிட்டது! இன்றும் அப்பாம்பு இலங்கைச் சொல்லைச் சுமந்துகொண்டு அமேசன் காட்டிலே திரிகின்றது. நம் கண்கொத்தியின் இனத்துக்கும் அஹைட்டுல்லா என்ற பெயரே நிலைபெற்றிருப்பது ஓர் ஆறுதல்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லவேண்டும். கண்கொத்தியின் மண்ணிற உறவினன் ஒன்று இலங்கையில் உண்டு. சிங்களத்திலே அதனை 'ஹெனகந்தயா' என்பர். 1693இலே ஜோன் ரே என்ற ஆங்கிலேய அறிஞர், எருமைகளை நொறுக்கும் இலங்கைப் பெரும்பாம்பு என்று 'அனகந்தயா' என்பதனைத் தம் பட்டியலிலே சேர்த்தார். மலைப்பாம்பின் செய்கையும் சவுக்குப் பாம்பின் பெயரும் எங்கோ ஒரு குறிப்பிலே ஒட்டிக்கொண்டன போலும். 1768இலே ஸ்கொற்ஸ் மகஸீன் என்ற இதழ், இலங்கையிலே இப்பாம்பு புலியொன்றை நெரித்துக் கொன்ற கதையை வெளியிட்டது. இலங்கைக் காட்டிலே சிறுத்தை உண்டு. புலி இல்லவேயில்லை என்பதைப் பற்றி எழுதியவர் கவலைப்படவில்லை! அச்சொல்லே கடைசியிலே தென்னமெரிக்க 'அனகொண்டா'வாகி உலகம் சுற்றியது. 'ஆனைகொன்றான்' என்ற தமிழே இதன் மூலம் என்று வாதிட்டோரும் உளர். அவ்வாதம் காதுக்கு இனிக்கின்றது. எனினும் சிங்கள மூலத்துக்கே சான்று வலிதென்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விரல் பருமனுள்ள ஒரு பாம்பின் பெயர் உலகிலே மிகப் பருத்த பாம்பின்மீது ஏறி உட்கார்ந்ததை எண்ணி நகைக்கலாம்.

நிற்க. ஊவாத் தோட்டத் தமிழரின் பாட்டன் பூட்டன்மார் இந்தப் பாம்பைப் பற்றிய பேச்சைத் தென்னிந்தியாவிலிருந்தே கொண்டுவந்தனர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களிலே இதனைக் கண்டு நடுங்குவோரும் உண்டு. பச்சைப் பாம்பைப் பிடித்து உருவிவிட்டால் சமையலிலே கை மணக்கும் என்று சொல்வோரும் உண்டு. ஒரே பாம்பு ஒரு வீட்டிலே கண்ணைப் பறிப்பதாகவும் அடுத்த வீட்டிலே கைம்மணம் தருவதாகவும் விளங்கியிருக்கின்றது. கடல் கடந்து வந்தவர்களிடம் கைம்மணத்தின் பேச்சு தேய்ந்து, கண்ணைப் பற்றிய பேச்சே நிலைத்ததை நான் கவனித்திருக்கின்றேன். கூலிப் பயணத்திலே எதைச் சுமப்பது எதை விடுவது என்பதை மனம் எவ்வாறு தீர்மானிக்கின்றதோ!

இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. நெடுங்காலம் இந்தியப் பச்சைப் பாம்பும் இலங்கைப் பச்சைப் பாம்பும் ஒன்றே எனக் கொள்ளப்பட்டன. கொழும்பிலே 1921இல் வெளியான ஃபிராங்க் வோலின் இலங்கைப் பாம்புகள் பற்றிய பெருநூலும் அவ்வாறே கொண்டது. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு 2020இலே வெளிவந்த ஆய்வு, இவை வெவ்வேறு இனங்கள் என்று காட்டியது. 'நீள்மூக்கு' என்று பொருள்படும் 'நாசூட்டா' என்ற பழைய பெயர் இலங்கைப் பாம்புக்கே உரியதென்றும், தமிழ்நாட்டுச் சமவெளிகளிலே வாழ்வது வேறு என்றும் பிரித்தது. ஆகவே, கோப்பித் தோட்டக் காலத்திலே மலையேறி வந்தவன் பற்றைக்குள்ளே பச்சைப் பாம்பைக் கண்டு, "அட, நம்ம ஊர்ப் பாம்பு" என்று சொல்லியிருந்தால், அவன் கண்டது ஊர்ப் பாம்பன்று. இம்மண்ணுக்கே உரிய பாம்பு ஒன்றை ஊர்ப் பெயரிட்டு அழைத்தான். அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவனும் அதே பொருளுடைய பெயரால் அழைத்துக்கொண்டிருந்தான்.

இப்பாம்பு முட்டையிடுவதில்லை, குட்டி போடும். இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிலே 1885 ஆகத்து முதல் தனியே வைக்கப்பட்டிருந்த பெண்பாம்பொன்று 1888 ஆகத்திலே குட்டி ஈன்றதாகப் பதிவு உண்டு. மூன்றாண்டுக் காலம் ஆணின் வித்தை உடலுக்குள்ளே காத்து வைத்திருந்தது போலும்!

அன்று வகுப்பிலே ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னைத் தடுமாற வைத்தது. "அப்ப பச்சையா இருக்கிற பாம்பெல்லாம் ஒண்ணும் செய்யாதா சேர்?" செய்யும். தேயிலைக்குள்ளே இன்னொரு பச்சை உண்டு. அது பச்சை விரியன். சிங்களத்திலே 'பலா பொலங்கா'. இலங்கைக்கே உரியது. அழகிலே கண்கொத்திக்குச் சற்றும் குறைந்ததன்று; பச்சை உடலிலே கருமை வரிகள் சித்திரம் போல ஓடும். ஆயினும் உருவம் வேறு. முக்கோணமாய் அகன்ற தலை, ஒடுங்கிய கழுத்து, கட்டையான உடல், நெட்டுக்குத்தான கண்மணி, கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே வெப்பமறியும் குழி. இரவிலே வேட்டையாடிவிட்டுப் பகலிலே செடிக்குள் சுருண்டு உறங்கும். உறங்கும் அதன்மேல் கொழுந்து பறிக்கும் விரல் பட்டுவிட்டால் கடித்துவிடும். கடுமையான வலியும் வீக்கமும் உண்டு, வைத்தியசாலைக்குப் போகவேண்டியதுதான். எனினும் இதனால் உயிரிழந்தோர் மிக அரியர். நீட்டி நிற்பது கண்கொத்தி, சுருண்டு கிடப்பது விரியன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாட்டுப்புற இலக்கணமாயினும் பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் செடியின் மேலே இருப்பவற்றைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம். செடியின் கீழே இருந்ததைப் பற்றி அன்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறையை இரண்டு மாதம் கழித்து உணர்ந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. பாம்பைக் குச்சியிலே கொண்டுவந்த அதே மாணவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. லயத்துக்குச் சென்று விசாரித்தபோது, அவன் தாயாரைப் பாம்பு கடித்துவிட்டதென்றார்கள். மாலையிலே வேலை முடிந்து கான் ஓரமாக விறகு பொறுக்கியபோது, சருகுக்குள்ளிருந்து ஒரு சிறு பாம்பு பாதத்திலே கடித்திருக்கின்றது. ஒரு முழங்கூட இல்லாத, காய்ந்த இலை நிறமுள்ள பாம்பு. "சின்னப் பாம்புதானே, பச்சை இல்லையே" என்று எல்லோரும் ஆறுதல் சொல்லிப் பச்சிலை அரைத்துக் கட்டியிருக்கின்றார்கள். மறுநாள் கால் கறுத்துக் கொப்புளித்தது. அதற்கடுத்த நாள் சிறுநீர் குறைந்தது. அதன்பிறகுதான் வாகனம் தேடிப் பதுளைக்குக் கொண்டு சென்றிருக்கின்றார்கள்.

கடித்தது கோப்பி விரியன். சிங்களத்திலே 'குணகட்டுவா' என்பார்கள். மேல்நோக்கி வளைந்த மூக்கும், சருகோடு சருகாக மறையும் நிறமும் உடையது. கோப்பி என்ற பெயரைக் கவனியுங்கள். 1869இலே ஊவாவின் மடூல்சீமைப் பகுதியிலே முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் இந்நாட்டுக் கோப்பியை அழித்தது. மலைகளெல்லாம் தேயிலையாக மாறின. கோப்பி போன பின்னும் கோப்பிச் செடியின் அடியிலே கிடந்த விரியன் போகவில்லை. பெயரையும் மாற்றிக்கொள்ளாமல் தேயிலையின் அடியிலே அவ்வாறே கிடக்கின்றான். வாலின் நுனியைப் புழுவைப்போல் நெளித்துக் காட்டித் தவளையையும் பல்லியையும் அருகே வரவழைப்பான். பொழுது சாயும்போது அவன் வேலை தொடங்கும். விறகு பொறுக்குவதும் அதே பொழுதிலேதான்.

இலங்கையிலே மிகுதியான மனிதரைக் கடிக்கும் நச்சுப்பாம்புகளுள் இவன் முன்னணியில் நிற்பவன். கடிபட்டோரிற் பலர் வலியோடும் வீக்கத்தோடும் தப்பிவிடுவர். சிலருக்கு இரத்தம் உறையாமற் போகும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், இறந்தோரும் உண்டு. இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் நச்சுமுறி மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை என்னும் நால்வகைப் பாம்புகளின் நஞ்சிலிருந்து ஆக்கப்படுவது. கோப்பி விரியன் அந்நால்வருள் ஒருவனல்லன். அம்மருந்து இவனது நஞ்சை முறிப்பதில்லை. வைத்தியர் செய்யக்கூடியது, இரத்தத்தையும் சிறுநீரையும் ஓயாமல் கண்காணித்து, கேடு தலைகாட்டும் இடத்திலே அதனைத் தடுப்பதே. அதற்குக் கடிபட்டவர் உடனே அங்கு இருக்கவேண்டும். இரண்டு நாள் பச்சிலைக் கட்டோடு லயத்திலே இருந்துவிட்டால் அந்தக் காவல் கிடைப்பதில்லை.

அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் துணையோடு பல வாரங்கள் வைத்தியசாலையிலே கிடந்து, மார்கழியிலே வீடு திரும்பினார். பேர் பதிந்தும் வேலைக்குப் போக இயலாத நாட்களின் கணக்கை மகன் கொப்பியின் கடைசித் தாளிலே எழுதி வைத்திருந்தான். அதை அவன் எனக்குக் காட்டவில்லை. திருத்துவதற்காகக் கொப்பியை வாங்கியபோது கண்ணிற் பட்டது.

என் மனத்தைக் குடைந்தது ஒன்றே. ஆவணியிலே அவர் முகத்துக்கு நேரே நின்ற பாம்பு யாதொரு கேடும் செய்ய வல்லதன்று; அதனைக் கண்டதும் நிரையே கலைந்தது, தடி வந்தது, தலை நசுங்கியது. ஐப்பசியிலே அவர் காலடியிலே கிடந்தது உயிருக்கே கேடு செய்ய வல்லது. அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பயமுறுத்தும் பெயர் ஒன்றுக்கு இருந்தது; மற்றதற்குக் கோப்பி என்ற வீட்டுப் பெயர். நானும் வாத்தியாராக நின்று, கண்ணின் அழகைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசினேன். காலைப் பற்றிப் பேசவில்லை. அவ்வாண்டின் மூன்றாந் தவணையிலே அந்தப் பாடத்தை மீண்டும் நடத்தினேன். இம்முறை கரும்பலகையிலே ஒரு தேயிலைச் செடியை வரைந்து, மேலே கண்கொத்தியையும், நடுவே பச்சை விரியனையும், அடியிலே சருகுக்குள் கோப்பி விரியனையும் குறித்தேன். சப்பாத்து அணிதல், விறகைக் கையால் எடுக்குமுன் தடியால் புரட்டுதல், இருட்டிலே விளக்கின்றிக் கானோரம் நடவாமை என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். சப்பாத்து வாங்கும் பணம் எங்கே என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

மறு ஆண்டு பங்குனியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாணவன் என் அறைக்கு ஓடிவந்தான். "சேர், வாங்க. அடிக்கல. யாரையும் அடிக்க விடல" என்றான். லயத்தின் பின்னே வேலியோரத்துக் கொடியிலே ஒரு கண்கொத்தி நீட்டி நின்றது. அரை முழத்துக்கு அப்பால், வேலிக்கம்பின் மேலே ஓர் ஓணான். பாம்பின் நா வெளியே நீண்டு அசையாமல் இருந்தது. காற்று வந்தது, கொடி ஆடியது, அதுவும் ஆடியது. காற்று நின்றது, அதுவும் நின்றது. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். பீலியடியிலிருந்து குடத்தோடு திரும்பிய அவன் தாயார் எங்களைக் கண்டு நின்றார். பாம்பைக் கண்டதும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, பழக்கத்தின்படியே முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். விரல்களுக்கு இடையால் பார்த்துக்கொண்டிருந்தார்.